கூட்டு மென்பொருள் திட்டங்களில் முடிவெடுத்தல்

கூட்டு மென்பொருள் திட்டங்களில் முடிவெடுத்தல் என்பது, வெவ்வேறு இடங்களிலிருந்து பணியாற்றும் பலர் ஒரு வடிவமைப்பையோ சீர்தரத்தையோ கூடி ஆராய்ந்து தெரிவு செய்யும் முறை ஆகும். தன்னார்வலர்களுக்கு யாரும் கட்டளையிட இயலாது. எனவே, செயற்படுத்த வேண்டியவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் முடிவு நிலைபெறும்.

முறைகள்

• இணக்க முடிவு: இணையப் பொறியியல் செயற்படை வாக்கெடுப்பு நடத்துவதில்லை. எழுந்த மறுப்புகள் ஒவ்வொன்றும் ஆராயப்பட்டனவா என்பதே அங்கு அளவுகோல். எல்லோரும் உடன்பட வேண்டும் என்பதில்லை.
• தடுப்பு வாக்கு: அப்பாச்சி திட்டங்களில் நிரல் மாற்றம் ஒன்றை -1 எனும் வாக்கால் தடுக்கலாம். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் கூற வேண்டும்.
• வாக்கெடுப்பு: டெபியன் திட்டத்தில் உறுப்பினர்கள் தெரிவுகளை வரிசைப்படுத்தி வாக்களிக்கின்றனர்.
• தலைமை: பைத்தான் மொழியில் இறுதி முடிவு அதனை உருவாக்கிய கைடோ வான் ரோசமிடம் இருந்தது. 2018 இல் அவர் விலகியபின், ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு ஏற்படுத்தப்பட்டது.

கூட்டம் நடத்துதல்

நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அனுப்புதல், ஒவ்வொரு பொருளுக்கும் நேரம் வகுத்தல், அதிகம் பேசாதவர்களின் கருத்தையும் கேட்டறிதல் ஆகியவை தலைவரின் கடமைகள். கூட்டக் குறிப்பில் முடிவு, அதன் காரணம், பொறுப்பேற்றவர் பெயர் ஆகியன இடம்பெற வேண்டும். நேர வேறுபாட்டால் வர இயலாதோர் கருத்துக் கூறும்வரை முடிவை உறுதிசெய்யாதிருத்தல் நன்று.

தமிழ்க் கணிமையில்

1999 பெப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்திய தமிழ்இணையம்99 மாநாட்டில் விசைப்பலகை, குறியேற்றம் இரண்டும் ஆராயப்பட்டன. விசைப்பலகைக்குத் தமிழ்99 என்ற ஒரே அமைப்பு உருவானது. குறியேற்றத்திற்கோ டாம், டாப் என இரண்டு சீர்தரங்கள் வெளிவந்தன. பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல்வழி விவாதித்து உருவாக்கியிருந்த திஸ்கியும் தொடர்ந்து புழங்கியது.

இவ்விரு முடிவுகளின் தன்மை வேறு. விசைப்பலகை தட்டச்சு செய்பவரின் பழக்கம் சார்ந்தது. பலர் பழைய அமைப்புகளையே கையாண்டாலும் உருவாகும் உரை மாறாது. குறியேற்றத்தை எழுதுபவரும் படிப்பவரும் ஒருங்கே ஏற்க வேண்டும். அந்த இணக்கம் இன்மையால், ஒரு குறியேற்றத்தில் எழுதிய உரை மற்றொன்றின் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. வாசகர்கள் தளத்திற்கொரு எழுத்துருவைப் பதிவிறக்க நேர்ந்தது. பழைய உரைகளைப் படிக்கக் குறியேற்ற மாற்றிகள் தேவைப்பட்டன.

பின்னர் இயங்குதளங்கள் ஒருங்குறியை ஆதரித்ததால் இச்சிக்கல் பெருமளவு நீங்கியது. 2010 இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைச் சீர்தரமாக ஏற்றது.

எனவே, ஒருவர் மாறுபட்டால் பிறர் பணி தடைப்படுமா என்பதை முதலில் ஆராய வேண்டும். தடைப்படாத இடத்தில் பல வழிகளை அனுமதிக்கலாம். தடைப்படும் இடத்தில், மறுப்புகளைத் தீர்க்கச் செலவிடும் காலம் வீணன்று.

இவற்றையும் பார்க்கவும்

• தமிழ்99
• திஸ்கி
• ஒருங்குறி