சிபியூவைத் தொட்டால் 'சுர்ர்'... கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை!

முக்கூடலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர், வெறுங்காலோடு சிபியூவைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லேசா 'சுர்ர்'ருங்குது. செருப்பு போட்டா அடிக்கல. பலரும் அதோட விட்டுடுவாங்க. அங்கேதான் ஆபத்து.

சிபியூவுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இரண்டு குட்டி கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பாடியோடு இணைந்திருக்கும். அவற்றில் கசியும் மின்சாரம் எர்த் கம்பியில் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், பாடியிலேயே நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் 'சுர்ர்'ரோடு போகிறது. நாளைக்கே ஃபேஸ் கம்பி பாடியில் பட்டால் முழு 230 வோல்ட். எர்த் இல்லாததால் ஃபியூஸும் போகாது.

டெஸ்டரை நம்ப வேண்டாம், இரண்டுக்குமே அது எரியும். பிளக்கைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அவர் போடும் டெஸ்ட் பல்பு பளிச்சென எரிய வேண்டும். ஆர்சிசிபி உள்ள வீட்டில் அது டிரிப் ஆகும்.

பெரும்பாலும் சிக்குவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே வருவது இரண்டே கம்பி! சில வீடுகளில் டூ-பின் பாயிண்டில் சொருக எர்த் பின்னையே ஒடித்திருப்பார்கள். கோடையில் எர்த் குழி காய்ந்திருந்தாலும் இதே கதை. தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம்.

"நியூட்ரலையே எர்த்ல கோர்த்துடலாம் சார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் விட்டுப்போனால் பாடி முழுக்க ஃபேஸ்தான்.