மிரண்ட குதிரையைப் பிடிக்கப் போறீங்களா? சுத்தி மட்டும் வளைக்காதீங்க!

ஊட்டி, கொடைக்கானல் போனவங்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. நடுரோட்டில் மட்டக்குதிரை நிற்கும், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். நல்ல மனசோடு ஒருத்தர் கயிறோடு இறங்குவார், நாலு பேர் சுற்றி வளைப்பார்கள். அடுத்த நிமிடம் யாராவது உதை வாங்குவார். இல்லைன்னா குதிரை எதிரே வரும் பஸ்ஸை நோக்கிப் பாயும்.

தப்பு எங்கே? சுற்றி வளைத்ததில்தான்.

பயந்த குதிரைக்கு முதலில் தோன்றுவது ஓட்டம். ஓட வழி இல்லாதபோதுதான் உதையும் கடியும். குட்டையா இருக்கே, சமாளிச்சிடலாம்னு நினைக்காதீங்க. மட்டக்குதிரையே 200 கிலோவுக்கு மேலும் இருக்கலாம்.

எப்படிக் கிட்டே போவது?

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் குதிரைக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அந்த இரண்டு பக்கமும் வேண்டாம். தோள்பட்டையைப் பார்த்து, சாய்வாக, மெல்லப் பேசிக்கொண்டே நடங்க. கண்ணை உற்றுப் பார்க்காதீங்க.

அது தலையைத் தூக்கி விறைத்தால், நின்னு ஒரு அடி பின்னால் வாங்க. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நீங்க பின்வாங்கினால்தான் ‘இவரால் ஆபத்து இல்லை’ன்னு அதுக்குப் புரியும். காதைப் பின்னால் மடக்கினாலோ, பின்பக்கத்தை உங்க பக்கம் திருப்பினாலோ முழுசா விலகிடுங்க. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. அது இழுத்துக்கொண்டு ஓடினால் விரலே போய்விடும்.

மனிதர் கையே படாத குதிரை என்றால் இதெல்லாம் போதாது. வேலி போட்ட இடத்தில் புல், தண்ணீர் வைத்து, பழகிய குதிரை ஒன்றை முதலில் உள்ளே விடுவார்கள். கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் மற்றது பின்னாலேயே வரும். இதற்கு நாள்கணக்கில்கூட ஆகலாம். கோடியக்கரை சரணாலயத்தில் தன்னிச்சையாகத் திரியும் மட்டக்குதிரைகளை நெருங்கவே வேண்டாம்.

ரோட்டில் பார்த்தால்?

வண்டியை நிறுத்தி, ஹாரனை விட்டுட்டு, அது போக ஒரு பக்கம் வழி விடுங்க. நகராட்சிக்குச் சொல்லுங்க. அடிபட்டிருந்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. உங்களைக் கடித்திருந்தால் காயத்தை 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிட்டு, அன்றே டாக்டரைப் பாருங்க. குதிரைக்கும் ரேபிஸ் வரும்.