மருத்துவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு வரி

மாதம் ஒருமுறை வானொலியில் உடல்நலப் பகுதி ஒன்றைப் படைத்து வருகிறேன். இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, முட்டிவலி என்றால் நேயர்களின் அழைப்புகள் குவியும். பால்வினை நோய்களைப் பற்றிப் பேசிய மாதம் மட்டும் ஓர் அழைப்புகூட வரவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் நானும் மருத்துவரும் மாறி மாறிப் பேசி நேரத்தை ஓட்டினோம். நிகழ்ச்சி முடிந்து எம்ஆர்டியில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தால், 17 குரல்பதிவுகள்! நேரலையில் கேட்க முடியாததை எல்லாரும் தனியாகக் கேட்டிருந்தார்கள்.

அவற்றில் ஒன்றை மூன்று முறை கேட்டேன். இருபதுகளில் இருக்கும் இளைஞர் என்று குரலே சொன்னது. "அக்கா, பேரு சொல்லல, மன்னிச்சிடுங்க. நான் டெஸ்ட் எடுத்தேன். ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா என்னோட பழகுறவருக்கு கொனோரியான்னு வந்திருக்கு. அவரு வேற யாரோடயும் இல்லையாம். அப்ப எனக்கு இல்லாம அவருக்கு எப்படிக்கா வரும்?"

என்ன பரிசோதனை செய்தீர்கள் என்று பதில் அனுப்பினேன். சிறுநீர் மட்டும் கொடுத்தாராம். மருத்துவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "கேர்ல்ஃபிரெண்டு இருக்குன்னு சொன்னேன்" என்றார். வீட்டுக்குக் கீழேயே இருக்கும் மருந்தகம், அப்பா அம்மாவும் அங்கேதான் போவார்கள், வேறு என்ன சொல்வது என்று கேட்டார்.

நிகழ்ச்சிக்கு வந்த மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தொண்டையில இருக்கிறதை சிறுநீர்ல தேடினா எப்படிங்க கிடைக்கும்?" என்றார்.

இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கொனோரியா, கிளமிடியா ஆகிய இரண்டும் கிருமி எந்த இடத்தில் பட்டதோ அந்த இடத்தில் குடியேறும் நோய்கள். வாய்வழி உறவென்றால் தொண்டையில், ஆசனவாய் வழி உறவென்றால் மலக்குடலில் தங்கும். சிறுநீர் பரிசோதனை சிறுநீர்க் குழாயில் இருப்பதை மட்டுமே காட்டும். ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றி சான் பிரான்சிஸ்கோவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், கிளமிடியா தொற்றுகளில் 53 விழுக்காடும் கொனோரியா தொற்றுகளில் 64 விழுக்காடும் சிறுநீர்க் குழாயில் அல்லாமல் வேறு இடங்களில் இருந்தன. அதாவது சிறுநீரை மட்டும் பார்த்திருந்தால் பாதிக்கும் மேல் தப்பியிருக்கும். தொண்டையிலும் மலக்குடலிலும் தங்கும் தொற்று பெரும்பாலும் வலிக்காது, எரியாது, எந்த அடையாளமும் காட்டாது. காட்டினாலும், தொண்டைக் கரகரப்புக்கு நாம் யாரும் பால்வினை நோயை நினைப்பதில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளிப்போம்.

பஞ்சுக்குச்சியால் தொண்டையில் ஒரு தடவல், ஆசனவாயில் ஒரு தடவல். கொவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பழகிய நமக்கு இது பெரிய காரியமில்லை. பல இடங்களில் நாமே கழிவறைக்குப் போய் எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தக் குச்சி நம் கைக்கு வரவேண்டுமானால் மருத்துவருக்கு அந்த ஒரு வரி தெரிந்திருக்க வேண்டும். 'கேர்ல்ஃபிரெண்டு இருக்கு' என்றவருக்கு அவர் ஏன் குச்சி கொடுக்கப் போகிறார்?

சிஃபிலிஸ் இன்னும் தந்திரமானது. கிருமி புகுந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். அந்தப் புண் வலிக்காது. வாய்க்குள்ளோ மலக்குடலுக்குள்ளோ வந்தால் கண்ணிலும் படாது. ஒரு மாதத்தில் தானாக ஆறிவிடும். 'நல்லாப் போச்சு' என்று நாம் நிம்மதியாக இருப்போம். நோய் போகவில்லை. சில வாரம் கழித்து உடம்பிலும் உள்ளங்கை, உள்ளங்காலிலும் தடிப்புகளாக வரலாம், அதுவும் மறையும். பிறகு ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து இதயத்தையும் மூளையையும் கண்ணையும் தாக்கக்கூடும். கண்டுபிடிக்க ஓர் இரத்தப் பரிசோதனை போதும். தொடக்கத்திலேயே தெரிந்தால் பென்சிலின் ஊசியில் குணமாகும்.

நம் பாட்டிமார் காலத்தில் இந்த நோய்களுக்கு மேகவெட்டை, கிரந்தி என்றெல்லாம் பெயர் இருந்தது. பறங்கிப்புண் என்றும் சொன்னார்கள், அதாவது வெள்ளைக்காரன் கொண்டு வந்த புண். அந்த வெள்ளைக்காரர்களில் இத்தாலியர்கள் அதை 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்று இத்தாலி பக்கம் தள்ளிவிட்டார்கள். எந்த ஊரிலும் இது பக்கத்து வீட்டுக்காரன் நோய்தான். 2022இல் எம்பாக்ஸ் எனும் குரங்கம்மை உலகம் முழுவதும் பரவியபோதும் இதே கதை. தன்பாலின ஈர்ப்பு கொண்ட ஆண்களிடையே அதிகம் பரவியது உண்மை. நெருங்கிய தோல் தொடர்பு யாருக்கு இருந்தாலும் அது தொற்றும் என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் பகிர்ந்தவர்களே அதிகம்.

அப்படியானால் இந்த ஆண்களுக்கு ஆபத்து ஏன் கூடுதல் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஒரு காரணம் உடலமைப்பு. மலக்குடலின் உட்சுவர் மிக மெல்லியது, எளிதில் கீறும். ஆணுறையோ மருந்துப் பாதுகாப்போ இல்லாமல் எச்ஐவி உள்ள, சிகிச்சை பெறாத ஒருவருடன் உறவு கொண்டால், ஆசனவாய் வழி ஏற்பவருக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 தடவைக்கு 138 என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் கணக்கிட்டுள்ளது. பெண்ணுறுப்பு வழி ஏற்கும் பெண்ணுக்கு அது 8. இன்னொரு காரணம் வட்டத்தின் அளவு. சிறிய வட்டத்துக்குள் துணை தேடும்போது ஒருவருக்கு வந்த கிருமி வேகமாகச் சுற்றும். மூன்றாவது காரணம் நாம் பேசிக்கொண்டிருக்கும் மௌனம். சிஃபிலிஸ் புண்ணோ கொனோரியா அழற்சியோ இருந்தால் எச்ஐவி நுழைவதும் எளிதாகிறது.

சிங்கப்பூரில் முதல் எச்ஐவி தொற்று 1985இல் கண்டறியப்பட்டது. 2022இல் புதிதாக 202 பேர், 2023இல் 207 பேர் என்று சுகாதார அமைச்சின் கணக்கு. முன்பு ஆண்டுக்கு 400ஐத் தாண்டியதோடு ஒப்பிட்டால் நல்ல இறக்கம். என்னை உறுத்துவது வேறு. நோய் முற்றிய பிறகே தெரிந்துகொள்வோர் பல ஆண்டுகளாகப் பாதி அளவில் இருக்கிறார்கள். காய்ச்சல், நிமோனியா என்று மருத்துவமனையில் படுத்த பிறகு தெரிந்துகொள்கிறார்கள்.

இப்போது என் 17 பதிவுகளில் இன்னொன்று. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. மகனின் அலமாரியில் சட்டை மடித்து வைக்கப் போனவர் ஒரு மாத்திரைப் புட்டியைப் பார்த்திருக்கிறார். பெயரை இணையத்தில் தேடினால் 'எச்ஐவி மருந்து' என்று வந்திருக்கிறது. "எம் புள்ளைக்கு எய்ட்ஸாம்மா? நாலு நாளா தூக்கமில்ல."

அவர் எழுத்துக்கூட்டி அனுப்பிய பெயர், 'பிரெப்' எனப்படும் தடுப்பு மாத்திரையாகப் பயன்படுத்தப்படும் மருந்தின் பெயர். எச்ஐவி இல்லாதவர்கள் அது வராமலிருக்கச் சாப்பிடுவது. அதே மருந்து, வேறொன்றுடன் சேர்த்து, சிகிச்சைக்கும் பயன்படுவதால் வந்த குழப்பம். ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழி எச்ஐவி தொற்றுவதை 99 விழுக்காடு வரை தடுக்கும். தொடங்குமுன் எச்ஐவி இல்லையென உறுதிசெய்து, சிறுநீரகத்தையும் பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்துத்தான் மருத்துவர் தருவார். மகனுக்கு நோய் உண்டா இல்லையா என்று அந்தப் புட்டியை வைத்து என்னால் சொல்ல முடியாது என்றேன். தடுப்புக்காகச் சாப்பிடுகிறார் என்றால், அவர் தம்மைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை என்றும் சொன்னேன். புட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாராம். "தீபாவளி கழியட்டும், மெதுவா பேசுறேன்" என்றார்.

ஆனால் பிரெப்புக்கு ஓர் எல்லை உண்டு. எச்ஐவியைத் தவிர வேறு எதையும் அது தடுக்காது. 'மாத்திரை சாப்பிடுறேனே, ஆணுறை எதுக்கு' என்று விட்டவர்களிடம் கொனோரியாவும் சிஃபிலிசும் தாராளமாகப் புகுந்துவிடுகின்றன. கொனோரியா கிருமி ஒவ்வொரு மருந்தாக எதிர்த்துப் பழகி, இப்போது பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசியை நம்பியே சிகிச்சை நடக்கிறது. நண்பர் கொடுத்த மீதி மாத்திரையைப் போட்டுக்கொள்வது அந்தக் கிருமிக்குப் பயிற்சி கொடுப்பது போலத்தான். உறவுக்குப் பிறகு டாக்சிசைக்ளின் சாப்பிடும் முறை, சிஃபிலிஸ், கிளமிடியா இரண்டையும் வெகுவாகக் குறைப்பதாக அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. அது மருத்துவரோடு பேசி முடிவு செய்யவேண்டியது. ஹெப்படைட்டிஸ் ஏ, பி, எச்பிவி ஆகியவற்றுக்குத் தடுப்பூசி இருக்கிறது. எச்பிவி ஊசி பெண்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் அந்தக் கிருமியே பெரும்பாலும் காரணம்.

ஆணுறை கிழிந்தது, அல்லது அணியவே இல்லை என்றால் 72 மணி நேரம் இருக்கிறது. அதற்குள் 'பெப்' எனும் அவசர மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். முதல் நாளே போவது மேல். மறுநாள் ஓடிப்போய் எச்ஐவி பரிசோதனை எடுத்து 'இல்லை' என்று மகிழ்வதில் பொருளில்லை. கிருமி தெரிய வாரங்கள் ஆகும். சுயபரிசோதனைக் கருவியில் இறுதியான பதிலுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

எச்ஐவி இருப்பது தெரிந்தால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று இன்னமும் நினைக்கிறோம். 1998இல் பேடி சியூ என்ற சிங்கப்பூரர் தமக்கு எய்ட்ஸ் இருப்பதை முதன்முதலாக வெளிப்படையாக அறிவித்து, அடுத்த ஆண்டு மேடையேறித் தம் கதையைத் தாமே நடித்தார். அதே ஆண்டு காலமானார். அந்தக் காலத்துப் படமே நம் மனத்தில் நிற்கிறது. இன்று தினமும் மருந்து சாப்பிடுபவரின் இரத்தத்தில் கிருமி அளவிட முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழி அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. ஐரோப்பாவில் 782 ஆண் இணையரைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், ஆணுறையில்லாமல் 76,000க்கும் அதிகமான தடவை உறவு கொண்டும் துணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. இங்கே சட்டமும் 2024இல் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அந்த நிலையில் இருப்பவர் உறவுக்கு முன் தம் நிலையைத் துணையிடம் அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது.

ஏன் இன்னும் பயம்? பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1938 முதல் இருந்த 377ஏ சட்டப்பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது 2022 நவம்பரில்தான். எச்ஐவி பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தது 2019இல் வெளிவந்ததை யாரும் மறக்கவில்லை. தங்குவிடுதிகளிலிருந்து வந்த பதிவுகளில் வேறொரு பயம்: "டெஸ்ட்டுக்குப் போனா பெர்மிட் போயிடுமாக்கா?" வேலை அனுமதிக்கான மருத்துவச் சோதனையிலேயே எச்ஐவி பார்க்கப்படுகிறது என்பதால் அந்தப் பயம் வெறும் கற்பனையில்லை. அதனால்தான் பெயர் கேட்காத பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1988இல் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்' அமைப்பு கிளந்தான் லேனில் அதை நடத்துகிறது. அடையாள அட்டையும் கேட்பதில்லை, பாஸும் கேட்பதில்லை. ஓர் எண் தருவார்கள். பால்வினை நோய்களுக்கான டிஎஸ்சி மருந்தகமும் அதே தெருவில் இருக்கிறது.

என் நண்பர் ஒருவருக்குத் துணையாக அங்கே போயிருக்கிறேன். தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். அதுவே அவருக்குப் பிரச்சினை, தெரிந்தவர் யாராவது காய்கறிப் பையோடு எதிரே வருவார்களோ என்று. விரல் நுனியில் ஒரு குத்து, இருபது நிமிடம் போல் காத்திருப்பு, ஆலோசகருடன் பேச்சு. காத்திருந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பல் மருத்துவரிடம் இருப்பது போல.

திருமணமான ஆண்களும் அங்கே வருவார்கள் என்று நண்பர் சொன்னார். அவர்கள் மனைவிமாருக்காக இதைச் சேர்க்கிறேன்: கிளமிடியா பெண்ணின் கருக்குழாயை அடைத்துக் குழந்தைப்பேற்றையே பாதிக்கலாம், சிஃபிலிஸ் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும். கணவர் தொண்டையில் குச்சி வைக்கச் சொல்லாத கதை அந்த வீட்டில் இரண்டு பேரோடு நிற்காது.

குரல்பதிவு அனுப்பிய இளைஞருக்கு வேறு மருந்தகம் ஒன்றின் பெயரைக் கொடுத்தேன். தொண்டையில் கொனோரியா இருந்தது. ஊசியோடு குணமானது, துணைவரும் சிகிச்சை பெற்றார். துணை மாறும் வழக்கமுள்ள ஆண்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம், சிறுநீர், தொண்டை, ஆசனவாய் நான்கையும் பார்த்துக்கொள்வது நல்லது என்கிறார் மருத்துவர். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் என் நண்பர் செய்வதைச் செய்யலாம். 'நான் ஆண்களுடன் உறவு கொள்பவன், தொண்டையிலும் ஆசனவாயிலும் மாதிரி எடுக்க வேண்டும்' என்று கைப்பேசியில் ஆங்கிலத்தில் தட்டி வைத்திருக்கிறார். தாதி அழைத்ததும் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டிவிடுகிறார்.