அலறுகிறவரா, அசையாமல் கிடப்பவரா? ஆபத்து நேரத்துக்கு ஆஸ்பத்திரி ஊழியர்கள் எடுக்கும் பயிற்சி

பஸ் கவிழ்ந்து 40 பேருக்கு அடி. அத்தனை பேரும் அரை மணி நேரத்துக்குள் ஒரே ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்குகிறார்கள். பணியில் இருப்பதோ 4 டாக்டர்கள், 6 நர்சுகள். முதலில் யாரைப் பார்ப்பது?

"ஐயோ அம்மா, செத்தேனே!" என்று அலறுகிறவரைத்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். "சிஸ்டர், எங்க அண்ணனை முதல்ல பாருங்க" என்று சொந்தக்காரர்களும் கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆனால் பயிற்சி பெற்ற நர்சு அவரைத் தாண்டிப் போய், மூலையில் சத்தமே இல்லாமல் கிடக்கிறவர் பக்கத்தில் குனிவார்.

அலறுகிறவருக்கு மூச்சு ஓடுகிறது. நினைவும் இருக்கிறது. கத்தாமல் கிடப்பவருக்கு இரண்டில் எது இருக்கிறது என்பதே தெரியாது!

பார்க்கிறவர்களுக்கு இது ஈவு இரக்கம் இல்லாத காரியமாகப் படும். அதனால்தான் கூட்டமும் கூச்சலும் இல்லாத நாளிலேயே இதைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான்கு நிறச் சீட்டு

இப்படித் தரம் பிரிப்பதற்கு "ட்ரையேஜ்" என்று பெயர். பல நாடுகளில் சொல்லிக் கொடுக்கப்படும் "ஸ்டார்ட்" என்ற முறை 1983-ம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருவானது. ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது கணக்கு.

"நடக்க முடிஞ்சவங்க எல்லாம் அந்தப் பக்கம் போங்க!" என்று முதலில் ஒரு குரல். எழுந்து நடந்தவர்களுக்குப் பச்சைச் சீட்டு. அவர்கள் காத்திருக்கலாம்.

மீதிப் பேரை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். மூச்சு நிமிஷத்துக்கு 30 தடவைக்கு மேல் வாங்குகிறதா? சிவப்பு. நகத்தை அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் ரத்த ஓட்டம் திரும்பவில்லையா? சிவப்பு. "கையை மடக்குங்க" என்றால் மடக்கவில்லையா? அதுவும் சிவப்பு. இவை எல்லாம் சரியாக இருந்து, நடக்க மட்டும் முடியாதவருக்கு மஞ்சள். மூச்சே இல்லை என்றால் தலையை நிமிர்த்தி மூச்சு வழியைத் திறந்து பார்ப்பார்கள். மூச்சு வந்தால் சிவப்பு. வராவிட்டால் கறுப்பு.

அந்தக் கறுப்புச் சீட்டில்தான் ஒத்திகையிலேயே கை தயங்கும். மற்ற நாளாக இருந்தால் அந்த ஒருவருக்காக ஒரு கூட்டமே நின்று நெஞ்சை அழுத்திப் போராடும். 40 பேர் கிடக்கும் நாளில் அப்படி நின்றால், பக்கத்தில் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவரைப் பார்க்க ஆள் இருக்காது.

தமிழக அரசு ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இப்போது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதி பிரித்திருக்கிறார்கள். 108 ஆம்புலன்ஸ் 2008-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது. ஆளைக் கொண்டு சேர்க்க வண்டி வந்து விட்டது. சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பது பயிற்சியைப் பொறுத்தது.

கரண்ட் போனால்?

2015 டிசம்பர் 1-ந் தேதி சென்னை பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டி மீட்டர் மழை. அடையாற்றங்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டருக்குள் வெள்ளம் புகுந்து மின்சாரம் நின்றது. நோயாளிகள் பலர் உயிர் இழந்த செய்தி நாட்டையே உலுக்கியது.

வென்டிலேட்டர் நின்றால் ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சு கொடுக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள். கை சலித்தால் மாற்றி விட இன்னொரு ஆள். ராத்திரி டூட்டியில் 8 நோயாளிகளுக்கு 3 நர்சுகள் இருந்தால் மிச்சம் 5 பைகளை யார் பிடிப்பது? எந்த வார்டில் இருந்து யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே எழுதி, ஒருமுறையாவது கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது, டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்பதும் ஒத்திகையில் கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

தீ என்றால் வேறு பாடம். 2022 ஏப்ரல் 27-ந் தேதி சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் தீப்பிடித்தது. குபுகுபு என்று புகை! நோயாளிகள் வெளியே கொண்டு வரப்பட்டார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

தீப்பிடித்தால் லிப்ட் பக்கம் போகக் கூடாது. ஆக்சிஜன் குழாயை அடைக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை உடனே மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் தப்பு. முதலில் அதே மாடியில், புகை எட்டாத அடுத்த பகுதிக்கு நகர்த்த வேண்டும். ஸ்ட்ரெச்சர் கிடைக்காவிட்டால் போர்வையோடு தரையில் இழுத்துப் போகலாம். தீயணைப்புக் கருவியின் ஊசியைப் பிடுங்கி, தீயின் அடிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். மேலே கொழுந்து விடுவதை அடித்தால் பிரயோஜனம் இல்லை.

இதையெல்லாம் டாக்டருக்கும் நர்சுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் போர்வையைப் பிடித்து இழுக்கப்போவது யார்? வார்டு பாயும், ஆயாவும், துப்புரவு ஊழியரும்தான். கேட்டைத் திறந்து ஆம்புலன்சுக்கு வழி விடுகிறவர் காவலாளி. பல இடங்களில் இவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். போன வருஷம் பயிற்சி எடுத்தவர் இந்த வருஷம் வேறு எங்கோ! ஒத்திகை நாளில் டாக்டர்களை மட்டும் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தால் போதுமா?

ஆபத்து முடிந்த பிறகு

ஆஸ்பத்திரிக்கு வெளியே இன்னொரு படை இருக்கிறது. அதுதான் சுகாதார ஆய்வாளர்களும் கிராம சுகாதார நர்சுகளும். பொது சுகாதாரத்துக்குத் தனிச்சட்டம் 1939-லேயே கண்ட மாகாணம் இது. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது மற்ற மாவட்டங்களில் இருந்து சுகாதார ஊழியர்கள் கடலோரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். "பிணம் விழுந்த இடத்தில் காலரா வரும்" என்று பலரும் பயந்தார்கள். ஆனால் பெரிய தொற்றுநோய் எதுவும் பரவவில்லை.

வெள்ளம் வடிந்ததும் இந்தப் படைக்கு முதல் வேலை தண்ணீரைச் சோதிப்பது. சின்னக் கண்ணாடிக் குழாயில் குடிதண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். டேங்க் பக்கத்துக் குழாயில் பார்த்து விட்டுத் திரும்பி விடக் கூடாது. வழியில் குளோரின் குறைந்துகொண்டே வரும். ஆகவே தெருக்கோடியில் உள்ள கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். அங்கே மஞ்சள் வராவிட்டால் டேங்கில் குளோரினைக் கூட்டச் சொல்லி விட்டு, அன்றைக்கே அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி குளோரின் மாத்திரையைக் கொடுத்து, "காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லி விட்டு வர வேண்டும்.