ஆமைக்குத் தெரியாத நீள்வட்டம்

பைத்தானோடு சேர்ந்தே வரும் 'டர்டில்' வரைகலைத் தொகுப்பை ஆய்வகத்தில் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்குப் பழக்கமான கேள்வி ஒன்று உண்டு. "சார், இதுக்குக் கட்டளை என்ன?" பல நேரங்களில் சரியான பதில், "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்பதுதான். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. சொல்லாவிட்டால், குறை தன்னிடம்தான் என்று மாணவர் முடிவுகட்டிவிடுகிறார். கேள்வி கேட்பவரைப் பற்றிக் கவலை இல்லை; கேட்காமலே விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுபவரைத்தான் நாம் இழக்கிறோம்.

தூத்துக்குடிக் கடலோரத்தில் பணிபுரியும் நான், "உங்கள் ஊரை வரையுங்கள்" என்றே பயிற்சி கொடுப்பேன். உப்பளம், வள்ளம், தீவு, முத்து எல்லாம் திரைக்கு வரும். இவற்றில் எதற்கும் டர்டிலில் நேரடிக் கட்டளை இல்லை. செவ்வகத்துக்குக்கூட இல்லை!

காரணம் எளிது. 1967இல் உருவான லோகோ மொழியின் வழிவந்தது இந்த ஆமை. அதற்குத் தெரிந்தது நடப்பதும் திரும்புவதும்தான். அது வரையும் வட்டமும் உண்மையில் பல பக்கங்கள் கொண்ட பலகோணமே. இத்தனைக்கும், ஆமைக்கு அடியில் இருக்கும் டிக்கின்டர் திரைக்கு நீள்வட்டம் வரையத் தெரியும். ஆமையிடம் அதற்கு நேரடிக் கட்டளை இல்லை.

உப்பளத்தில் தொடங்குவது நல்லது. முன்னே நட, 90 பாகை திரும்பு என்பதை நான்கு முறை செய்தால் ஒரு பாத்தி. அதையே ஒரு செயற்கூறாக எழுதச் சொல்லுங்கள். பைத்தான் 3இல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்: பாத்தி(80, 50). வரிசையாக அழைத்தால் உப்பளம் தயார்.

மேலிருந்து பார்க்கும் வள்ளத்துக்கு, சர்க்கிள்(100, 90) என்று கால்வட்ட வில் வரைந்து, இடப்புறம் 90 பாகை திரும்பி, இரண்டையும் மீண்டும் ஒருமுறை செய்தால் போதும். இரு முனையும் கூராக வரும்.

தீவுக்கு நீள்வட்டம் வேண்டும். 100, 50 ஆரங்களில் மாறிமாறி நான்கு கால்வட்ட வில்கள் வரைந்தால் முட்டை போன்ற உருவம் கிடைக்கும். ஆனால் அது நீள்வட்டம் அன்று. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் வரும் துணையலகுச் சமன்பாடுகளை இங்கே எடுக்கலாம். கோணத்தை 0 முதல் 360 வரை மாற்றி, x = a cos θ, y = b sin θ என்ற புள்ளிகளுக்கு ஆமையை நகர்த்தினால் சரியான நீள்வட்டம். கணித ஆசிரியரையும் அன்றைக்கு ஆய்வகத்துக்கு அழைத்துவிடுங்கள்.

முத்துதான் எனக்குப் பிடித்தது. மன்னார் வளைகுடாவில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சங்குக்குளிப்பு தெரிந்த பிள்ளைகளுக்கும் முத்துக்குளிப்பு தாத்தா சொன்ன கதைதான். சாம்பல் வட்டம் போட்டால் அது முத்தாகாது, பளபளப்பு வேண்டும். டர்டில் ஓர் உருவத்தை ஒரே நிறத்தால்தான் நிரப்பும். எனவே பேனாவைத் தூக்கிவிட்டு, 'டாட்' கட்டளையால் 200 விட்டமுள்ள கருஞ்சாம்பல் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் விட்டத்தில் 4 குறைத்து, மையத்தை இடப்புறமும் மேலுமாக 1 நகர்த்தி, நிறத்தைச் சற்று வெளிறச் செய்து 40 முறை ஓட்டுங்கள். ஒளிபட்ட முத்து திரையில் உருளும்.

எல்லா இடைவெளியும் இப்படி நிரப்பத் தக்கதல்ல. கடற்கரையோரம் சாய்வாக ஊர்ப்பெயர் எழுத முடியாது. கடலுக்கு ஒளிபுகும் நீலம் பூச முடியாது. படத்தைச் சேமிக்க நேரடிக் கட்டளை 3.14 பதிப்பில்தான் வந்தது, அதுவும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக. இவற்றுக்காகப் பாடவேளையைச் செலவிடாதீர்கள். மேல்நிலைப் பாடத்தில் வரும் பைபிளாட் இந்த மூன்றையும் செய்யும். அதைத் தனியாக நிறுவ வேண்டும் என்பதால், முந்தைய நாளே ஆய்வகக் கணினிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.