இருண்ட திரையும் திறந்த ஏடும்

கருவி ஒன்று செவ்வனே இயங்கும் வரையில் அதன் உள்ளமைப்பைப் பற்றி எவரும் வினவுவதில்லை. அது இயங்க மறுக்கும் வேளையிலேயே, ‘இதனை இயக்குவது யாது? அதன் இயல்பை அறிந்தவர் யாவர்? அதனைச் செப்பஞ் செய்யும் உரிமை யாரிடம் உள்ளது?’ என்னும் வினாக்கள் பிறக்கின்றன. கணினியின் திரை இருண்டு நிற்கும் வேளையும் அத்தகையதே.

இவ்வினாக்கள் இன்று ஏட்டளவில் நிற்பனவல்ல. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அளித்துவந்த பொது ஆதரவை 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன்பின் வந்த விண்டோஸ் 11, குறித்த பாதுகாப்பு உறுப்பும் புதிய தலைமுறை நுண்செயலியும் உடைய கணினிகளையே ஏற்பது. ஆகவே உறுப்புக் குறைவில்லாத கணினிகள் பல, வயது ஒன்றே குற்றமாக ஒதுக்கப்படும் நிலையை எய்தியுள்ளன. கொத்மலை, அட்டன், நுவரெலியா முதலிய மலையகப் பகுதிகளிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றிற்குப் பழைய கணினிகளை விலக்கிப் புதியன வாங்குதல் எளிதன்று. லினக்ஸ் போன்ற திறந்த மூலப் பணிசெயல் முறைமை அவற்றுக்கு மறுவாழ்வு அளிக்க வல்லது. ஆயின், அதனை நிறுவியவுடன் திரை இருண்டுவிடின், ‘கணினி பழுது’ எனத் தீர்ப்புக் கூறி அதனை மூலையில் வைத்துவிடுதல் கூடும். பல வேளைகளில் அத்தீர்ப்புப் பிழையானது. கணினிக்கும் திரைக்கும் இடையே நின்று பேசும் மொழிபெயர்ப்பாளன் வாய்மூடி நிற்பதே உண்மைக் காரணம். அம்மொழிபெயர்ப்பாளனே ‘இயக்கி’ எனப்படுவான். ‘டிரைவர்’ என வழக்கிற் கூறப்படுவதும் அதுவே.

இயக்கி என்பது யாது?

திரையிற் காணும் எழுத்தும் படமும் ஒளிப்புள்ளிகளின் தொகுதியே. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள திரையொன்றில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. அவை வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகின்றன. இப்பெரும் பணியை மேற்கொள்ளுவது வரைகலைச் சில்லு. ஒவ்வொரு நிறுவனத்தின் சில்லும், ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு தலைமுறைச் சில்லுகளும், தத்தமக்கென ஒரு கட்டளை மொழியை உடையன. பணிசெயல் முறைமை அம்மொழிகளையெல்லாம் தானே அறியாது. அதன் விருப்பத்தைச் சில்லின் மொழியிற் பெயர்த்துரைப்பது இயக்கியின் தொழில்.

லினக்ஸ் முறைமையில் இத்தொழில் நான்கு நிலைகளிற் பகிரப்பட்டுள்ளது. முதலாவது, சில்லினுள்ளேயே ஏற்றப்படும் சிறு நிரல். இது நிலைபொருள் எனப்படும். இரண்டாவது, முறைமையின் கருவினுள் அமைந்த பகுதி. சில்லின் நினைவகத்தை ஆள்வதும், திரையின் அகல உயரங்களை நிறுவுவதும் இதன் கடன். மூன்றாவது, ‘மேசா’ என்னும் மென்பொருட் தொகுதி. 1993ஆம் ஆண்டு பிரயன் போல் என்பவர் தொடங்கிய இத்தொகுதி, செயலிகள் வேண்டும் வரைபடங்களைச் சில்லுக்குரிய கட்டளைகளாக மாற்றுகின்றது. நான்காவது, சாளரங்களைத் திரையில் ஒழுங்குபடுத்தும் காட்சிச் சேவையகம். 1984ஆம் ஆண்டில் மசாசுசெட்ஸ் தொழினுட்பக் கழகத்திற் பிறந்த ‘எக்ஸ்’ முறையும், 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘வேலண்ட்’ முறையும் இவ்வகையின. எனவே ‘இயக்கி கெட்டது’ என்று பொதுப்படக் கூறுதல், ‘வீட்டில் விளக்கு எரியவில்லை’ என்று கூறுவதனை ஒக்கும். மின்கம்பியோ, ஆளியோ, குமிழோ என்று தெளிந்தபின்னரே திருத்தம் தொடங்கும்.

இருவகை மொழிபெயர்ப்பாளர்

மலையகத்தின் வரலாறு இருவகை மொழிபெயர்ப்பாளரைக் கண்டுள்ளது. ஆங்கிலம் பேசிய துரைக்கும் தமிழ் பேசிய தொழிலாளருக்கும் இடையே நின்றவர் கங்காணி. துரையின் ஆணையைத் தொழிலாளரிடம் கொண்டு சென்றவர் அவர். தொழிலாளரின் கடன் அவர் கைக்கணக்கில் நின்றது. அக்கடனைச் சுட்டிய ‘துண்டு’ என்னும் சீட்டுமுறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எழுத்தறியாத தொழிலாளி தன் பெயரில் எழுதப்பட்ட கணக்குச் சரியோ பிழையோ என்று தானே பார்த்தறிய வகையின்றி நின்றமை அம்முறையின் கொடுமைகளுள் ஒன்று.

மற்றைய வகையைக் கொத்மலைச் சமுதாய வானொலி காட்டியது. 1998-99 காலப்பகுதியில் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் அவ்வானொலி நிலையத்திற்கு இணைய இணைப்புக் கிடைத்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வாய்ப்பு ஏற்படுத்தப்பட்டது. கணினியைக் கண்டிராத கிராமத்தார் தம் வினாக்களை நிலையத்திற்கு அனுப்பினர். ஒலிபரப்பாளர் இணையத்தில் விடை தேடி, ஆங்கிலத்தில் இருந்ததனை உள்ளூர் மொழியில் வானொலியிலேயே விளக்கினர். மொழிபெயர்ப்பு எல்லார் செவியிலும் விழுந்தது. ஆகவே பிழை நேரின் அதனைச் சுட்டவும், ஐயம் எழின் மீண்டும் வினவவும் கேட்போருக்கு வழியிருந்தது.

வரைகலை இயக்கிகளும் இவ்விரு வகையினவே. மூல நிரல் மறைக்கப்பட்ட இயக்கி, பூட்டிய கணக்கேட்டை ஒப்பது. மூல நிரல் வெளிப்படையாயுள்ள இயக்கி, பலர் கேட்க உரைக்கப்படும் விளக்கத்தை ஒப்பது. நலமாக இயங்கும் காலத்தில் இரண்டிற்கும் வேற்றுமை தோன்றாது. கோளாறு நேர்ந்த பின்னரே ஏட்டைத் திறந்து பார்க்க இயலுமா என்பது பெரிய வினாவாகின்றது.

திறந்த மூல இயக்கத்தின் தோற்றமே இத்தகைய கோளாறொன்றுடன் தொடர்புடையது என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1980ஆம் ஆண்டளவில் மசாசுசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஆய்வுகூடத்தில் சீரொக்ஸ் நிறுவனத்தின் அச்சியந்திரம் ஒன்று இருந்தது. அதிற் காளிதம் சிக்கும்போது பயனாளருக்கு அறிவிக்கும் வசதியைச் சேர்க்க ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். அதன் மென்பொருளின் மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. 1983ஆம் ஆண்டில் அவர் அறிவித்த குனூ திட்டத்திற்கு அவ்வனுபவமும் ஒரு தூண்டுகோலாயிற்று. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டின் சேர்க்கையே இன்றைய திறந்த மூல முறைமையின் அடித்தளம்.

மூன்று நிறுவனங்கள்

கணினிகளிற் பெரிதும் காணப்படும் வரைகலைச் சில்லுகள் இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா என்னும் மூன்று நிறுவனங்களுக்கு உரியன. இன்டெல் தன் சில்லுகளுக்கான இயக்கியைத் திறந்த மூலமாகவே ஆக்கி வழங்கி வருகின்றது. ஏ.எம்.டி. 2006ஆம் ஆண்டில் ஏ.ரி.ஐ. நிறுவனத்தை வாங்கியபின், 2007 முதல் சில்லுகளின் இயல்பை விளக்கும் ஆவணங்களை வெளியிடத் தொடங்கிற்று. 2015ஆம் ஆண்டில் அதன் புதிய திறந்த இயக்கி லினக்ஸ் கருவிற் சேர்ந்தது. ஆதலின் இவ்விரு நிறுவனங்களின் சில்லுகளுக்கு வழக்கமாகத் தனியே எதனையும் நிறுவ வேண்டுவதில்லை.

என்விடியாவின் வரலாறு வேறு. அந்நிறுவனம் நெடுங்காலம் மூடிய இயக்கியையே வழங்கிற்று. தன்னார்வலர் சிலர் சில்லின் நடத்தையை வெளியிலிருந்து கூர்ந்து நோக்கி, அதன் மொழியை ஊகித்து, ‘நூவோ’ என்னும் திறந்த இயக்கியை ஆக்கினர். அது 2010இல் வெளிவந்த கருவில் இடம்பெற்றது. ஆயினும் 2014ஆம் ஆண்டின் பின்வந்த சில்லுகள், நிறுவனம் கையொப்பமிட்ட நிலைபொருளையே ஏற்கும்படி அமைந்தமையால், அவற்றின் முழு வேகத்தையும் நூவோவினாற் பெற இயலாதாயிற்று. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் என்விடியா தன் இயக்கியின் கருப்பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதுவும் 2018ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வந்த சில்லுகளுக்கே பயன்படுவது. பழைய சில்லுகளுக்கான 340 வரிசை மூடிய இயக்கிக்கு 2019இன் இறுதியிலும், 390 வரிசைக்கு 2022இன் இறுதியிலும் ஆதரவு முடிந்தது. பழைய கணினியை நம்பியிருக்கும் பாடசாலைக்கு இதன் பொருள் தெளிவு. மூடிய ஏட்டை எழுதியவர் எழுதுவதை நிறுத்தியபின், அதனைத் தொடர்ந்து எழுத வேறெவராலும் ஆகாது. திறந்த ஏட்டைத் தொடர்வதற்கோ எவருக்கும் தடையில்லை.

கோளாறு நாடும் நெறி

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு நால்வகைக் கடன் வகுத்தார். பிணி இன்னதென அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், வழுவின்றிச் செய்தல் என்பன அவை. கணினிக்கும் இவ்வொழுங்கே பொருந்தும்.

முதலாவது, பிணியை அறிதல். மின்விசையைத் தட்டியவுடன் தோன்ற வேண்டிய நிறுவனச் சின்னமே தோன்றாவிடின், குற்றம் இயக்கியினுடையதன்று. இணைப்புக் கம்பியையும் திரையையும் நினைவக அட்டையையும் முதலிற் பார்த்தல் வேண்டும். சின்னமும் தொடக்கப் பட்டியலும் தோன்றி, அதன்பின் திரை இருளின், கருவிலுள்ள பகுதியோ நிலைபொருளோ ஐயத்திற்கு உரியது. கடவுச்சொல் கேட்கும் பக்கம் தோன்றி, சொல்லை இட்டபின் மீண்டும் அப்பக்கமே வரின், காட்சிச் சேவையகத்தையோ அதன்மேல் இயங்கும் மேசைத் தளத்தையோ நோக்குக. எழுத்துகள் பருத்து, திரையின் முழு அளவு கிடைக்காதிருப்பின், உரிய இயக்கி ஏறாமற் பொது இயக்கி இயங்குகின்றது என்க. எல்லாம் தோன்றியும் அசைவு மந்தமாயின், வரைகலைப் பணியை நுண்செயலியே சுமக்கின்றது எனலாம். ‘ஜி.எல்.எக்ஸ். இன்போ’ என்னும் கட்டளையின் விடையில் ‘எல்.எல்.வி.எம். பைப்’ என்னும் பெயர் காணப்படின் இது உறுதியாகும்.

இரண்டாவது, காரணத்தை அறிதல். திரை இருண்டபோதும் முறைமை உள்ளே விழித்திருத்தல் கூடும். கொன்ட்ரோல், ஓல்ட் விசைகளை எப்-3 விசையுடன் சேர்த்து அழுத்தின், எழுத்து மட்டும் கொண்ட முனையம் திறக்கும். அங்கே ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையைக் ‘கே’ என்னும் குறியுடன் இடின், சில்லு எது, அதனை இப்போது ஆளும் இயக்கி எது என இரண்டும் தெரியவரும். ‘ஜேர்னல் சி.டி.எல்.’ என்னும் கட்டளை, முறைமை தன் தொடக்கத்தில் எழுதிய நாட்குறிப்பைக் காட்டும். நிலைபொருட் கோப்புக் கிடைக்கவில்லை என்றோ, கையொப்பமில்லாத இயக்கி மறுக்கப்பட்டது என்றோ அதில் வரி காணப்படின், காரணம் கைக்கு எட்டிவிட்டது. ‘எக்ஸ்’ முறையின் குறிப்பேட்டிற் பிழையுள்ள வரிகள் இரட்டை ‘ஈ’ எழுத்தால் அடையாளமிடப்பட்டிருக்கும். நேற்று வரை இயங்கியது இன்று இயங்காதாயின், இடையில் நிகழ்ந்த மாற்றம் யாது என வினவுதல் இன்றியமையாதது. கரு புதுப்பிக்கப்பட்டு, மூடிய இயக்கி அதற்கேற்ப மீளத் தொகுக்கப்படாமல் நிற்பது அடிக்கடி காணும் காரணம்.

மூன்றாவது, தணிக்கும் வழி. புதுப்பித்தலின் பின் வந்த கோளாறாயின், தொடக்கப் பட்டியலிற் பழைய கருவைத் தேர்ந்து பார்த்தல் முதற்படி. எதுவும் தோன்றாதவிடத்து, அப்பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, லினக்ஸ் எனத் தொடங்கும் வரியின் ஈற்றில் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைச் சேர்த்தால், சில்லின் சிறப்பியக்கி ஒதுங்கி எளிய திரை தோன்றும். இஃது ஊன்றுகோலே, மருந்தன்று. அத்துடன் அமைந்துவிட்டால் மந்தம் நிலைத்துவிடும். நிலைபொருள் இல்லையெனின் அதனை நிறுவுதல் வேண்டும். 2023ஆம் ஆண்டு வெளிவந்த டெபியன் 12 முதல், நிறுவல் வட்டிலேயே அக்கோப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன. இணையம் அரிதான இடங்களிற் பென்ட்ரைவ் வழியாகவும் அவற்றைக் கொணரலாம். கையொப்பமே தடையெனின், இயக்கிக்கு உரிய திறவியைக் கணினியிற் பதிவுசெய்யலாம். அல்லது பாதுகாப்புத் தொடக்கம் என்னும் அமைப்பை நிறுத்தலாம். ஆதரவு முடிந்த பழைய என்விடியாச் சில்லாயின், மூடிய இயக்கியை நீக்கி நூவோவிற்குத் திரும்புதல் தக்கது. எழுதவும் படிக்கவும் காணொளி பார்க்கவும் அதன் வேகம் பொதுவாகப் போதும்.

நான்காவது, வழுவின்றிச் செய்தல். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே செய்து திரை ஒளிர்ந்தால், எது மருந்தென்று அறிய இயலாது. மாற்றுமுன் மூலக் கோப்பைப் படியெடுத்தல் வேண்டும். முறைமையின் களஞ்சியத்தில் இயக்கி இருக்கவும் வேறிடத்திலிருந்து இறக்கி நிறுவுதல், அடுத்த புதுப்பித்தலில் அதே துன்பத்தை மீண்டும் அழைப்பதாகும். கண்ட குறி, செய்த மாற்றம், விளைந்த பயன் மூன்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தல் எல்லாவற்றினும் சிறந்தது.

திறப்பின் எல்லை

திறந்த மூலம் என்பதனால் எல்லாம் வெளிப்படை எனக் கொள்ளுதலும் பொருந்தாது. மூன்று நிறுவனங்களின் அண்மைக்காலச் சில்லுகளும் மூல நிரல் வெளியிடப்படாத நிலைபொருளை வேண்டுவன. கதவு திறந்துள்ளது, உள்ளறையொன்று இன்னும் பூட்டியே உள்ளது. எனினும் திறந்த அளவிலேயே பெரும்பயன் விளைந்துள்ளது. கண்டிக்கு அருகிலுள்ள மலையின் பெயரைத் தாங்கிய ஹந்தான லினக்ஸ் என்னும் தொகுப்பு, பெடோரா முறைமையை அடிப்படையாகக் கொண்டு இலங்கையரால் ஆக்கப்பட்டது. பிறர் ஆக்கியதை எடுத்துத் தம் நாட்டு மாணாக்கருக்கு ஏற்ப அமைக்க அவர்கள் எவரிடமும் அனுமதி வேண்டி நிற்கவில்லை.

மலையக மாணாக்கன் ஒருவன் இருண்ட திரையின் முன் அமர்ந்து, முறைமையின் நாட்குறிப்பை வரிவரியாகப் படித்து, பிழையுள்ள வரியைக் கண்டு, அதனை இயக்கியை ஆக்கியோருக்கு எழுதி அனுப்புவானாயின், அவன் வெறும் பயனாளன் அல்லன். அவ்வேட்டின் எழுத்தாளருள் ஒருவன். இதற்கு வேண்டுவன விலையுயர்ந்த புதுக் கணினிகள் அல்ல. ஒதுக்கப்பட்ட பழைய கணினி ஒன்றும், ஒரு குறிப்புப் புத்தகமும், காரணம் காணும்வரை கைவிடாத பொறுமையும் இருப்பின் எந்தத் தோட்டப் பாடசாலையிலும் இப்பயிற்சியைத் தொடங்கலாம். ‘பழுது’ என்று எழுதி மூலையில் வைக்கப்பட்ட கணினியிலிருந்தே அது தொடங்குதல் பொருத்தமாகும்.