உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தால் என்ன?

(தலைப்பு: பெண்ணின் தோற்றப் பொலிவுக்குப் பெரிதும் துணை நிற்பது பணமா? பக்குவமா? ‘பக்குவமே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு வார்த்தை சொன்னார். “ஒல்லியா இருக்கிறவங்க எதைக் கட்டினாலும் எடுக்கும். உடம்பு பெருத்தவங்க நல்லாத் தெரியணும்னா அதுக்குக் காசு வேணும்” என்றார். கேட்டதும் இந்த அரங்கத்திலே நாலு பேர் சிரிச்சாங்க. நாற்பது பேர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டாங்க. நான் அந்த நாற்பது பேருக்காகப் பேச வந்திருக்கேன். (கைதட்டல்)

ஐயா, உடம்பு பெருத்த பெண்ணுக்கு உண்மையிலே என்ன நஷ்டம் தெரியுமா? நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு “நீங்க மட்டும் போயிட்டு வாங்க” என்று கணவரை அனுப்பிவிடுகிறாள். குழந்தையின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போகிறதில்லை. வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தால்கூட, “போட்டுக்க ஒண்ணும் சரியில்லை” என்று இருந்துவிடுகிறாள். போட்டோ எடுத்தால் பின் வரிசை. துணி சரியில்லாததாலே ஒரு வாழ்க்கை சுருங்கிப் போகிறது. இதை விரிக்கக் கட்டுக் கட்டாப் பணம் வேண்டாம், கொஞ்சம் விஷயம் தெரிஞ்சா போதும்.

முதல் விஷயம், ரெடிமேட் கடை. எக்ஸ்.எல். எடுத்துப் போட்டுப் பார்க்கிறோம். தோளிலே சரியா இருக்கு, மார்பிலே பிடிக்குது. உடனே நாம யாரைத் திட்டுறோம்? நம்ம உடம்பைத் திட்டுறோம். அந்த அளவு யாருக்கு எழுதினது? நம்ம நாட்டு ரெடிமேட் துணிக்கு ரொம்ப காலமா ஆதாரமா இருந்தது வெளிநாட்டு அளவு அட்டவணைகள்தான். இந்திய உடம்புக்கு என்று தனி அட்டவணை தயாரிக்க ‘இந்தியா சைஸ்’ என்கிற திட்டத்தை 2018இல்தான் அறிவிச்சாங்க. நிஃப்ட் நிறுவனம், 25,000 பேரை ஸ்கேனர் வைத்து அளப்பது என்று திட்டம் போட்டது. அதனாலே துணி பத்தலைன்னா துணிதான் பத்தலை. நீங்க கூடுதல் இல்லை! (கைதட்டல்)

திருப்பூர்ப் பக்கம் போறவங்க காதர்பேட்டைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சின துணி அங்கே விற்பாங்க. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கிலே பெரிய அளவு தாராளமா இருக்கும். தையல் விட்டிருக்கா, கறை இருக்கா என்று வெளிச்சத்திலே பார்த்து வாங்கணும், அவ்வளவுதான்.

அடுத்து, நம்ம சேலை. “எனக்குச் சேலை நிக்கலைங்க, கொசுவமே வர மாட்டேங்குது” என்று சொல்லாத பருமனான பெண் உண்டா? ஏன் வரலை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணமாகச் சேலை ஐந்தரை மீட்டர். இடுப்புச் சுற்று 50 அங்குலம் என்றால் ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சேலை உடம்பை ரெண்டு சுற்றுச் சுற்றுது, அதுக்கே ரெண்டரை மீட்டர் போச்சு. முந்தானைக்கு ரெண்டேகால் மீட்டர். மீதி எவ்வளவு? முக்கால் மீட்டர். ஒரு மடிப்புக்குக் கால் மீட்டர் என்றால், மூணே மடிப்பு! மூணு மடிப்பிலே சேலை எப்படி விரியும்? நடக்கும்போது காலைப் பிடிக்கத்தானே செய்யும்?

இதுக்கு ஒரு வழி இருக்கு. சேலையோடு சேர்ந்தே வருதே ரன்னிங் பிளவுஸ், சுமார் 80 சென்டிமீட்டர், அதை வெட்டாதீங்க. உள்ளே சொருகுற முனையிலே அந்தத் துண்டு இருந்தால் வேறு நிறமா இருந்தாலும் கவலையில்லை, உள்ளே போயிடும். மூணு மடிப்பு ஆறு மடிப்பாகும். ஜாக்கெட்டுக்குத் தனியா ஒரு மீட்டர் காட்டன் துணி எடுத்துக்குங்க. புதுச்சேலை வாங்க ஆயிரம் ரெண்டாயிரம் கொடுக்கிறோம், வெட்டாம விடறதுக்கு என்ன செலவு? கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறதுக்குப் பணம் வேணுமா எதிரணி நண்பரே? (சிரிப்பு, கைதட்டல்)

என்ன துணி கட்டலாம்? மொடமொடன்னு கஞ்சி போட்ட காட்டன் உடம்பை விட்டு விலகி நிற்கும், இல்லாத ரெண்டு சுற்றைக் கூட்டிக் காட்டும். மெல்லிய சிந்தெடிக் அப்படியே ஒட்டிக்கும், வியர்வையும் போகாது. இந்த ரெண்டுக்கும் நடுவிலே, நாலைந்து தடவை துவைச்சுப் பதம் வந்த காட்டன் இருக்கே, அதுதான் நமக்கு. மதுரை, சின்னாளப்பட்டிப் பக்கத்துச் சுங்குடி உடம்போடு இழைஞ்சு விழும். கோ-ஆப்டெக்ஸிலே பண்டிகைத் தள்ளுபடி வரும்போது கைத்தறி எடுத்து வச்சுக்கலாம்.

“குறுக்குக் கோடு போட்டா குண்டாக் காட்டும்” என்று ஒரு வேதவாக்கு சொல்லுவாங்க. யார் சொன்னது? 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்கிற ஜெர்மன் விஞ்ஞானி, ஒரு சதுரத்தைக் குறுக்குக் கோடுகளாலே நிரப்பினால் அது உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியுது என்று எழுதினார். 2008இல் இங்கிலாந்திலே யார்க் பல்கலைக்கழகத்துப் பீட்டர் தாம்சன் பெண் உருவப் படங்களை வச்சுச் சோதிச்சுப் பார்த்தார். குறுக்குக் கோடு பெருக்கிக் காட்டலை என்றுதான் அவரும் சொன்னார். அதனாலே ஆயுசு முழுக்கக் கறுப்பும் கருநீலமுமா கட்டிக்கிட்டுத் திரிய வேண்டாம் அம்மா. உங்களுக்கு மஞ்சள் பிடிக்குமா? மஞ்சள் கட்டுங்க!

சேலை எவ்வளவு நல்லா இருந்தாலும் ஜாக்கெட் சரியில்லைன்னா எல்லாம் போச்சு. தையற்காரர் “அளவு ஜாக்கெட் கொடுங்கம்மா” என்பார். நாம எதைக் கொடுக்கிறோம்? மூணு வருஷத்துக்கு முந்தி தைச்சதைக் கொடுக்கிறோம். ஜாக்கெட் அப்படியே இருக்கு, நாம அப்படியேவா இருக்கோம்? (சிரிப்பு) டேப்பை வச்சு இன்னிக்கு அளவெடுக்கச் சொல்லுங்க. பக்கத் தையலிலே ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் துணியை உள்ளே விடச் சொல்லுங்க. நாளைக்கு இறுகினால் பிரிச்சு விட்டுக்கலாம், புதுசு தைக்க வேண்டாம். அக்குள் பக்கம் வெட்டு இறுக்கமா இருந்தால் சதை பிதுங்கித் தெரியும், கையைத் தூக்கவும் முடியாது. அங்கே கொஞ்சம் தளர்த்தி, கையை முழங்கைக்கு மேல் வரைக்கும் இறக்கி வைங்க. லைனிங் துணியை ஒரு தரம் நனைச்சு உலர்த்திக் கொடுங்க, இல்லைன்னா முதல் சலவையிலேயே சுருங்கி ஜாக்கெட்டை இழுக்கும்.

நடுவர் அவர்கள் அனுமதிக்கணும், தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளாடைப் பட்டை தோளிலே பள்ளம் போட்டிருக்கா? பாரத்தைத் தோள்பட்டை தாங்கக் கூடாது. மார்புக்குக் கீழே சுற்றி வருகிற அகலப் பட்டைதான் தாங்கணும். அந்தப் பட்டை முதுகிலே மேலே ஏறாமல் நேரா நிற்கணும். ஏறுதுன்னா சுற்றளவு தொளதொளன்னு இருக்குன்னு அர்த்தம். இதைக் கூச்சப்படாமல் அளந்து வாங்கினால் முதுகுவலிக்கும் கொஞ்சம் விடுதலை.

அடுத்தது உள்பாவாடை நாடா. இது சிரிக்கிற விஷயம் இல்லைங்க. சேலை நழுவக் கூடாதுன்னு கயிறு மாதிரி மெல்லிசு நாடாவை, ஒரே இடத்திலே, இறுக்கி, வருஷக்கணக்கா கட்டுறோம். அந்த இடம் கறுத்து, தோல் உரிந்து, புண்ணாகி ஆறாமல் கிடந்து, புற்றாக மாறின ரெண்டு பெண்களைப் பற்றி 2024இல் நம்ம நாட்டு மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழிலே எழுதியிருக்காங்க. அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். ஆனா பாவாடைக்கு ரெண்டு அங்குல அகலத்திலே துணிப்பட்டை வைக்க எவ்வளவு ஆகும்? கட்டும் இடத்தை அப்பப்போ மாற்றுங்க. வீட்டிலே இருக்கும்போது தளர்த்துங்க. இடுப்பிலே ஆறாத புண் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்க.

வளையல் கடைக்குப் போவோம். “2.8 சேரலை, 2.10 கொடுங்க” என்கிறோம். அது என்ன கணக்கு? 2.8 என்றால் ரெண்டு அங்குலமும், அங்குலத்தைப் பதினாறு பாகமாக்கினால் அதிலே எட்டு பாகமும், அதாவது உள் குறுக்களவு ரெண்டரை அங்குலம். அப்போ 2.10 அதைவிடப் பெரிசு. இந்தக் கணக்குத் தெரிஞ்சவங்க கையைச் சோப்புப் போட்டு நசுக்கிக்க வேண்டாம். சங்கிலியும் அப்படித்தான். கழுத்தோடு ஒட்டினதைவிட நெஞ்சுக் குழிக்குக் கீழே இறங்குகிற கவரிங் சங்கிலி ஒன்று எடுப்பாக இருக்கும்.

இப்போ தோல். தொடை உரசிப் புண்ணாகுதா? சேலை, சுடிதார் எதுவானாலும் உள்ளே முழங்கால் வரைக்கும் பனியன் துணி அரைக்கால்சட்டை போடுங்க, நடக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் வாசலின் தடவுங்க. வயிற்று மடிப்பு, மார்புக்குக் கீழே, இங்கெல்லாம் குளிச்சதும் நல்லாத் துடைச்சு ஈரம் போகணும். பவுடரைக் கொட்டினால் வியர்வையோடு குழைஞ்சு சேறாகும். பழைய வேட்டித் துணியைத் துண்டு போட்டு மடிப்பிலே வைங்க, அது ஈரத்தை இழுக்கும். அக்குள் வாடைக்குப் படிகாரக் கட்டியை நனைச்சுத் தேய்க்கலாம், ஒரு கட்டி மாசக்கணக்கா வரும்.

பின்கழுத்து கறுத்திருக்கு என்று கல்லைப் போட்டுத் தேய்க்கிறவங்க நிறைய. அம்மா, அது அழுக்கு இல்லை! பருமனானவங்களுக்குக் கழுத்திலே, அக்குளிலே வெல்வெட் மாதிரி தடிச்சுக் கறுத்தால், பெரும்பாலும் உடம்பிலே இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னு அறிகுறி. தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலே போய்ச் சர்க்கரை பார்த்துக்குங்க, இலவசம்தான். கூடவே மாதவிலக்கு தப்பி, முகத்திலே ரோமமும் வளர்ந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்க. அழகு நிலையத்திலே கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது.

எதிரணி நண்பர் விலை உயர்ந்த கிரீமைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். லேபிள் சரியில்லாத சிவப்பழகு கிரீம்களிலே பாதரசம் இருப்பதுண்டு. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலே இப்படிப்பட்ட கிரீம் பூசினவர்களுக்குச் சிறுநீரகம் பாதிச்சதை டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க. காசும் போய், கிட்னியும் போகணுமா? அரிப்புக்கென்று மருந்துக் கடையிலே கேட்டு வாங்குகிற கலப்படக் களிம்பிலே ஸ்டீராய்டு இருக்கும். முதலிலே அடங்கும், அப்புறம் படர்தாமரை உடம்பெல்லாம் பரவும். முகத்துக்குப் பயத்தம் மாவு, வெடிச்ச பாதத்துக்கு ராத்திரியிலே வாசலின் தடவி ஒரு பழைய சாக்ஸ். இதுக்கு மேலே என்ன வேணும்?

கடைசியா ஒன்று. “முதல்ல உடம்பைக் குறை, அப்புறம் அலங்காரம் பண்ணு” என்று சொல்லுவாங்க. 2015இல் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’ படம் பார்த்திருப்பீங்க. அவசரமா இளைக்க வைக்கிறேன் என்று பணம் பிடுங்குகிற கடைகளைப் பற்றின கதை. உடம்பைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லலை. சர்க்கரைக்கும் முட்டிவலிக்கும் நடக்கிறதும் அளவாகச் சாப்பிடுகிறதும் நல்லதுதான். ஆனா அது வருஷக் கணக்கு. அதுவரைக்கும் வெளுத்துப்போன நைட்டியும் கிழிஞ்ச துப்பட்டாவுமா இருக்கணுமா? “இளைச்ச பிறகு கட்டிக்கலாம்” என்று பீரோவிலே மடிச்சு வச்ச சேலை எத்தனை வீட்டிலே மடிப்பிலேயே இற்றுப் போயிருக்கு! நடக்கப் போறதுக்கும் நல்ல செருப்பும் சரியான உள்ளாடையும் வேணும். நல்லா உடுத்தினவள்தான் தைரியமா தெருவிலே இறங்கி நடப்பாள்.

நடுவர் அவர்களே, நான் சொன்னதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். வெட்டாமல் விட்ட சேலை, உள்ளே விட்ட ஒரு அங்குலம், ரெண்டு அங்குலப் பட்டை, ஒரு கட்டிப் படிகாரம், ஒரு பழைய வேட்டி. இதிலே பணம் எங்கே இருக்கு? எல்லாம் பக்குவம்! அடுத்த முகூர்த்தத்துக்கு அந்த நாற்பது பேரும் பிடிச்ச நிறத்திலே கட்டிக்கிட்டு, போட்டோவிலே முன் வரிசையிலே நிற்கட்டும். அதற்கு ஏற்ற தீர்ப்பை நீங்கள் தருவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)